பொடியனைக் கூட்டிக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுறது? (திருகோணமலை)

கோட்டைவாசல் | ஞாயிறு இரவு 9.40

எங்கட கழகத்துப் பொடியன் ஒருத்தன். பெயரும் ஒழுங்கையும் வேண்டாம். 19 வயது. இடப்பக்கத்தால பந்தோட ஓடினான் எண்டால் பிடிக்கேலாது. ஆறு மாதமா மைதானப் பக்கமே இல்லை. போன கிழமை தாய் வந்து கழக வாசலில நிண்டா. ஐஸ் எண்ட போதைப்பொருள். மூண்டு நாள் நித்திரை இல்லாம ஃபேனைக் கழட்டுறதும் பூட்டுறதுமா இருக்கிறானாம். நாலாம் நாள் அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடக்கிறானாம். காஸ் சிலிண்டர் வித்தாச்சு. அக்காவின்ர தோடும் போயிட்டுது.

தாய் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இவனை எங்க கொண்டுபோய்ச் சேர்க்கிறது?"

நான் கழகச் செயலாளர். எனக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சன். திங்கள் தொடங்கி வியாழன் வரைக்கும் நாலு இடம் ஏறி இறங்கினன். ஓர் இடத்தில "முறைப்பாடு தாங்க, பிடிக்கிறம்." இன்னோர் இடத்தில "அவர் தானா வரவேணும், டொக்டரிட்டத் துண்டு எடுத்துக்கொண்டு வாங்க." அடுத்த இடத்தில ஒரு படிவம், முழுக்கச் சிங்களம். நாலாவது இடத்தில பொறுப்பானவர் கூட்டத்துக்குப் போயிட்டாராம். என்ன கூட்டம் எண்டு கேட்டன். போதைப்பொருள் தடுப்பு ஒருங்கிணைப்புக் கூட்டம்.

2025 ஒக்டோபர் 30 கொழும்பு சுகததாச அரங்கில ஜனாதிபதி 'முழு நாடுமே ஒன்றாக' எண்டு போதைப்பொருள் ஒழிப்புத் திட்டத்தைத் தொடக்கி வைச்சதை வீட்டில இருந்து முழுக்கப் பாத்தன். நல்லது எண்டுதான் பட்டது. அந்த ஒருங்கிணைப்பு எங்கட சந்திக்கு என்ன உருவத்தில வந்து சேருது எண்டு தெரிஞ்ச ஆரும் சொல்லுங்கோ. அரசியல் பேச வரேல்ல. எனக்கு ஒரு கதவு வேணும்.

---

வெண்மணல் | ஞாயிறு இரவு 10.02

பதாகை பிடிச்சாச்சா அண்ணை? உறுதிமொழி எடுத்தாச்சா? ரோல்சும் பிளேன்டீயும் குடுத்தாங்களா? குடுத்தால் ஒருங்கிணைப்பு வந்து சேந்திட்டுது எண்டு அர்த்தம்.

---

பழைய கிளாக்கர் | திங்கள் காலை 6.15

தம்பி வெண்மணலுக்கு நகைச்சுவை. நான் 31 வருடம் கோப்புக் கட்டினவன், எனக்கு அது வயிற்றெரிச்சல்.

கோட்டைவாசல் கேட்டதுக்குப் பதில் சொல்லவேண்டும் என்றால் இந்த வீட்டுக்கு எத்தனை அறை என்று முதலில் தெரியவேண்டும். சட்டம் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கம். நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் என்று பெயரே சொல்லும், அந்தக் காலத்து அபின் பயத்தில் எழுதியது. 1973 இல் பொலிஸ் போதைப்பொருள் பணியகம் வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஹெரோயின் பரவ, 1984 இல் ஒரே வருடத்தில் இரண்டு வேலை செய்தார்கள். 11 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை அமைத்தார்கள். 13 ஆம் இலக்கச் சட்டத்தால் பழைய கட்டளைச் சட்டத்தைத் திருத்தி மரண தண்டனையைச் சேர்த்தார்கள். மூளைக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கைதான் வளர்ந்தது.

சபையின் கடமை ஒருங்கிணைப்பது, கொள்கை வகுப்பது, ஆலோசனை சொல்வது. பொலிஸ், சுங்கம், கடற்படை, வைத்தியசாலை எதுவும் அதன் கீழ் இல்லை. அதையே அமைச்சரவை மாறும்போதெல்லாம் ஓர் அமைச்சிலிருந்து இன்னோர் அமைச்சுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு 2007 இல் சிகிச்சைக்கென்று 54 ஆம் இலக்கச் சட்டம். 2008 இல் சர்வதேச உடன்படிக்கைக்காக 1 ஆம் இலக்கம். மதுவும் சிகரெட்டும் 2006 முதல் வேறோர் அதிகாரசபையிடம். 2023 இல் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம். ஒவ்வொன்றும் தனித்தனி நல்ல காரணத்தோடு வந்ததுதான்.

இனிக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடப்பது. கடிதத்தின் அடியில் பிரதிகள் போடுவோமல்லவா? அங்கே இரண்டு சொல் உண்டு. ஒன்று 'தேவையான நடவடிக்கைக்காக'. மற்றது 'தகவலுக்காக'. போதைப்பொருள் கடிதம் ஒன்றுக்கு ஏழு பிரதி போகும், ஏழும் தகவலுக்காக. பெறுநர் அதைக் கோவையில் போட்டு 'பார்த்தேன்' என்று கையொப்பம் வைப்பார். தவறே இல்லை, அவருக்குத் தகவல் கிடைத்துவிட்டது. எங்கள் மாவட்டத்தில் 11 பிரதேச செயலகம். பதினொன்றிலும் குழு கூடும், கூட்டறிக்கை எழுதப்படும். உங்கள் பொடியன் எந்தக் கடிதத்திலும் 'நடவடிக்கைக்காக' என்ற வரியில் வரமாட்டான். நீங்கள் நாலு நாள் ஏறி இறங்கியது அந்த ஒரு வரியைத் தேடித்தான்.

---

கரைவலை | திங்கள் காலை 7.30

கிளாக்கர் ஐயா சொன்ன கணக்கில கடலை விட்டிட்டீங்க. ஒருங்கிணைப்பு நடக்கிற ஒரே இடம் அதுதான்.

கிழக்குக் கடற்படைக் கட்டளை எங்கட டொக்யார்டுக்குள்ளதான் இருக்கு. ஆப்கான் சரக்கு பாகிஸ்தான், ஈரான் பக்கத்து மக்ரான் கரையில ஏறும். பெரிய வள்ளத்தில ஆழ்கடலுக்கு வரும். தெற்குப் பக்கத்துப் பலநாள் கலம் ஒண்டு மீன்பிடிக்கப் போன மாதிரிப் போய் நடுக்கடலில கைமாத்தும். அதைப் பிடிக்க வெளிநாட்டுத் தகவல் வேணும், புலனாய்வு வேணும், கடற்படைக் கப்பல் வேணும், கரைக்கு வந்ததும் பொலிஸ் பணியகம் வேணும். நாலும் சேருது, பிடிக்கிறாங்க. கேரளக் கஞ்சா வேற பாதை, அது மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்தால.

கடலில பிடிபடுறது கிலோக் கணக்கு. எங்கட ஒழுங்கையில பிடிபடுறது மில்லிகிராம் கணக்கு. கிலோவுக்குக் கப்பல் வருது, மில்லிகிராமுக்கு மோட்டார் சைக்கிளில ரெண்டு பேர் வாறாங்க, பொடியனை ஏத்திக்கொண்டு போறாங்க.

---

வெண்மணல் | திங்கள் காலை 7.41

கடலில மட்டுமே ஒழுங்கு எண்டும் சொல்ல ஏலாது. 2025 செப்டெம்பரில தெற்கில மித்தெனியவில நிலத்துக்குள்ள புதைச்சிருந்த ஐஸ் இரசாயனம் கப்பலில இருந்து குதிச்சு ஓடி வந்ததா? கொள்கலனில வந்தது. கொள்கலன் சுங்கத்தால வெளிய போச்சு. மூலப்பொருள் இரசாயனத்தைக் கண்காணிக்க சபைக்குக் கீழயே தனிப் பிரிவு இருக்கு. அதுக்கு முந்தின மாதம், ஓகஸ்டில, ஜகார்த்தாவில பாதாளக் கும்பல் தலைவர்களைப் பிடிக்காமல் விட்டிருந்தால் அது இண்டைக்கும் மண்ணுக்குள்ளதான். துறைமுகத்தில தெரிய வேண்டியது இந்தோனேசியாவில தெரிஞ்சுது.

---

இரும்புக்கை | திங்கள் காலை 9.20

எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க. விக்கிறவனைத் தூக்கில போடுங்க, ஒரு மாதத்தில ஊர் சுத்தமாகும். சிங்கப்பூரைப் பாருங்க.

---

சட்டப்புத்தகம் | திங்கள் பகல் 12.50

இரும்புக்கை, தூக்கு சட்டத்தில் 1984 இலிருந்து இருக்கிறது. ஹெரோயின் 2 கிராமும் அதற்கு மேலும். 2022 இன் 41 ஆம் இலக்கத் திருத்தத்தால் ஐசுக்கும் வந்தது, 5 கிராமிலிருந்து. ஆனால் இந்த நாட்டில் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1976 இல். 2019 இல் அப்போதைய ஜனாதிபதி நாலு போதைப்பொருள் கைதிகளுக்குக் கையொப்பம் வைத்தபோது உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. எனவே தூக்கு என்பது ஆயுள்தான். நாற்பது வருடமாக அந்தப் பயம் சட்டத்தில் இருந்தபடியேதான் ஐஸ் வந்து சேர்ந்தது.

கரைவலை சொன்ன மில்லிகிராம் விடயத்தில் ஒன்று. நிறை என்பது பொட்டலத்தின் நிறை இல்லை, அதற்குள் இருக்கும் தூய பொருளின் நிறை. அதைச் சொல்ல வேண்டியது கொழும்புப் பக்கத்தில் இருக்கிற அரச இரசாயனப் பகுப்பாய்வாளர். நாடு முழுவதும் பிடிபடுகிற தூளெல்லாம் அங்கே வரிசையில் நிற்கிறது. அறிக்கை வரும்வரை பொடியன் விளக்கமறியலில். கட்டளைச் சட்டத்தின் பெரிய பிரிவுகளில் போட்டால் நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்கு ஓடவேண்டும். கூலிவேலைக் குடும்பத்துக்கு அந்த ஓட்டம் ஒரு காணிப் பத்திரத்தின் விலை.

2023 டிசம்பர் 17 இல் தொடங்கிய 'யுக்திய' என்ற பொலிஸ் போதைப்பொருள் வேட்டை நினைவிருக்கிறதா? ஒரு மாதம் சொச்சத்தில் 29,000 பேருக்கு மேல் கைது என்று ஐ.நா. நிபுணர்கள் சொல்லிக் கண்டித்தார்கள். அந்த வலையில் வந்த பாவனையாளர்களுக்கெல்லாம் சிகிச்சைப் படுக்கை எங்கே இருந்தது? சபை நடத்துகிற நிலையங்கள் தலங்கம, காலி, கண்டி, நிட்டம்புவ. வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வடக்கிலோ கிழக்கிலோ ஒன்றைத் தொட்டுக் காட்டுங்கள்.

---

குளிசைக்காரி | திங்கள் பிற்பகல் 3.05

நான் பார்மசியில் நிற்கிறவள். ஐஸ், தூள் (ஹெரோயின்) எண்டு எல்லாரும் அதையே பேசுறீங்க. எங்களிட்ட வாற பிள்ளைகள் கேக்கிறது பிரிகபலின். நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் குடுக்கிற கப்சூல். பின்னேரத்தில ரெண்டு பேர் வருவாங்க, ஒருத்தன் பனடோல் வாங்குவான், மற்றவன் அலுமாரியைப் பாத்துக்கொண்டு நிப்பான். துண்டு இல்லாமல் குடுக்கமாட்டன் எண்டால் "அக்கா, அம்மம்மாவுக்கு" எண்டுவாங்க. ஒரு நாளைக்கு எத்தனை அம்மம்மா!

இது மருந்து. ஆகையால் இது 1929 சட்டத்தின்ர ஆளில்லை, 2015 இல் வந்த ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின்ர ஆள். கடையைச் சோதிக்க வாறது சுகாதாரப் பக்கத்து மருந்துப் பரிசோதகர். பெட்டிக்கடையில அட்டை அட்டையா விக்கிறவனைப் பிடிக்கிறது பொலிஸ். அவர் என்ர பதிவுப் புத்தகத்தைப் பார்ப்பார், இவர் அவன்ர சட்டைப் பையைப் பார்ப்பார். என்ர புத்தகத்தில ஒரே வைத்தியரின் துண்டு திரும்பத் திரும்ப வாறது எனக்குத் தெரியும். அதை ஆரிட்டச் சொல்லுறது எண்டு தெரியேல்ல. சொன்னால் கடைக் கண்ணாடிக்கு என்ன நடக்கும் எண்டு மட்டும் நல்லாத் தெரியும்.

---

மூதூர் நானா | திங்கள் மாலை 5.48

எங்கட ஊர்ல பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு நேரம் கூடி, விக்கிறவங்கட வீட்டு விசேசத்துக்குப் போறதில்லை எண்டு முடிவெடுத்துச்சு. நல்ல எண்ணம்தான். ஆனா நடந்ததச் சொல்றன். விக்கிறவனுக்கு ஒண்டும் ஆகல்ல, அவன்ட கையில காசிருக்கு, வேற ஊர்ல விசேசம் வெச்சிக்கிட்டான். பாவிக்கிற புள்ளட உம்மாதான் நோன்பு காலத்துல கூட வாசல் தாண்டல்ல. மறைக்க மறைக்க அவன் உள்ளுக்குள்ளயே கெட்டான்.

பிறகு ஒரு மௌலவியும் ஒரு ரிட்டயர்ட் அதிபரும் சேந்து வேற மாதிரி செஞ்சாங்க. பேர் எழுதல்ல, அறிவிக்கல்ல. இஷாத் தொழுகைக்குப் பொறவு ஒரு அறைல லைட் எரியும், ஆரும் வந்து கதைக்கலாம். அவ்வளவுதான். பத்து மாசத்துல நாலு குடும்பம் வந்திச்சு. நாலு கொறவா எண்டு கேக்காதீங்க.

---

ஆலங்கேணி அக்கா | திங்கள் இரவு 8.10

நான் எழுதலாமா விடலாமா எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்.

கோட்டைவாசல் தம்பி, அந்தத் தாயிட்ட 'புனர்வாழ்வு' எண்ட சொல்லைச் சொல்லிப் பாத்தீங்களா? முகம் மாறியிருக்கும். எங்கட பக்கத்தில அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். யுத்தம் முடிஞ்ச 2009 இல என்ர தம்பியைக் கொண்டுபோனதும் 'புனர்வாழ்வு'க்குத்தான். வெலிக்கந்தைப் பக்கம். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள். பஸ் மாறி மாறிப் போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நிண்டு சோத்துப் பார்சலைக் குடுத்திட்டு வாறது. அவன் வந்திட்டான், கலியாணம் கட்டி இருக்கிறான், ஆனால் ஜிஎஸ் (கிராம சேவகர்) படலையைத் தட்டினால் இப்பவும் எழும்பி நிப்பான்.

அண்டைக்கு அவங்களை வைச்சிருந்த அதே புனர்வாழ்வுப் பணியகம்தான் இண்டைக்கு ஐஸ் பொடியளையும் பொறுப்பெடுக்குது. அவங்கட கந்தக்காடு நிலையமும் அந்தப் பக்கம்தான். 2022 ஜூனில அங்க ஒருத்தர் செத்து, கலவரம் வந்து, நூற்றுக்கணக்கில பொடியள் தப்பி ஓடினதை எல்லாரும் ரீவியில பாத்தனாங்க. இனி எந்தத் தாய் "என்ர மகனைக் கொண்டுபோங்கோ" எண்டு சொல்லுவா? கொழும்பில இருந்து ஒரே அச்சில அடிச்சு அனுப்புற துண்டுப்பிரசுரத்தில 'புனர்வாழ்வு நிலையம்' எண்டு போட்டிருக்கு. சிங்களத்தில, காலியில அது எப்பிடிக் கேக்குமோ தெரியாது. இங்க அது முள்ளுக்கம்பிதான்.

சிகிச்சை எண்டு சொல்லுங்கோ. வைத்தியம் எண்டு சொல்லுங்கோ. அந்த ஒரு சொல்லை மாத்தினாலே வாற ஆக்கள் வருவினம்.

---

சட்டப்புத்தகம் | திங்கள் இரவு 8.55

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தப் பணியகத்துக்கான மசோதா 2022 இல் உயர் நீதிமன்றத்துக்குப் போய், அரசியலமைப்புக்கு முரண் என்று முடிவு வந்தது. திருத்தித்தான் 2023 ஜனவரியில் நிறைவேற்றினார்கள். முதல் வரைவில் யார் யாரை அனுப்பலாம் என்ற பட்டியலில் போதைப்பொருள் பாவனையாளரும் முன்னாள் போராளியும் ஒரே வாக்கியத்தில் இருந்தார்கள். தாய்மாரின் பயம் மூடநம்பிக்கை இல்லை.

---

இரும்புக்கை | திங்கள் இரவு 9.12

அக்கா, நான் தூக்கு எண்டது விக்கிறவனை. பொடியளை இல்லை. என்ர மச்சாளின்ர மகனும் இருக்கிறான்.

---

வெண்மணல் | திங்கள் இரவு 9.15

விக்கிறவனில பாதிப்பேர் தன்ர அடுத்த நேரத்துக்காக விக்கிற பொடியள்தான் அண்ணை. அந்த வழியால போனவன் எங்கட வகுப்பிலயே ரெண்டு பேர். எங்க கோடு போடுவீங்க?

---

நெறியாளர் | திங்கள் இரவு 9.40

இந்த இழையில இரண்டு பதிவை நீக்கியிருக்கிறேன். ஒன்றில் ஒரு கடையின் பெயரும் ஒழுங்கையும் இருந்தன. கோபம் விளங்குது. ஆனால் இங்க பெயர் போட்டால் முதலில் ஆபத்து அந்தப் பதிவை எழுதினவருக்குத்தான். ஆலோசனை தேவைப்பட்டால் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கம் இருக்கு.

---

இரவு வார்ட் | செவ்வாய் அதிகாலை 4.20

வேலை முடிஞ்சு எழுதுறன். தாதி. எந்த ஆஸ்பத்திரி எண்டு வேண்டாம்.

கோட்டைவாசல், நீங்கள் போன நாலு இடத்திலயும் 'ஐஸ் பாவிக்கிற பொடியன்' எண்டுதான் சொல்லியிருப்பீங்க. ஆகையால் நாலு பேரும் அதை ஒரு வழக்காப் பாத்திருக்கிறாங்க. மூண்டு நாள் நித்திரை இல்லை, ஃபேனைக் கழட்டுறான், ஆரோ தன்னைப் பாக்கிறாங்க எண்டு சொல்லுறானா? அது மனநலப் பிரிவுக்குரிய நோயாளி. வெளிநோயாளர் பிரிவுக்குக் கூட்டிவந்து நித்திரையையும் பயத்தையும் முதலில சொல்லுங்க, பாவிக்கிறதை டொக்டரிட்ட மறைக்காமல் சொல்லுங்க. துண்டுக்கு மேல துண்டு தேவையில்லை.

ஒண்டு தெரிஞ்சிருக்க வேணும். தூளுக்கும் ஐசுக்கும் வைத்தியம் ஒண்டில்லை. தூளை விட்டால் உடம்பு முறுக்கும், வயித்தாலடி, வாந்தி, ஒரு கிழமை பத்து நாள் நரகம், பிறகு இறங்கும். மறியலுக்குள்ள கிடந்து விட்டவன் வெளிய வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நிண்டு போகலாம், உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும். ஐஸ் அப்பிடியில்லை. அதுக்கு மாத்தாக் குடுக்கிற குளிசை ஒண்டும் இல்லை. நிப்பாட்டினதும் நல்லா நித்திரை கொள்ளுவான், சாப்பிடுவான், வீடே சந்தோசப்படும். அதுக்குப் பிறகு வாற ரெண்டு மூண்டு கிழமைதான் பயம். ஒண்டிலயும் பிடிப்பில்லாமல் சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பான். சாகிற யோசனை வாறது அப்பதான். தனிய விடாதேங்கோ. இரவில அவசரம் எண்டால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம்.

2007 சட்டத்தில தானாகப் போறதுக்கும் வழியிருக்கு, நீதவான் கட்டளையில போறதுக்கும் வழியிருக்கு. பொடியன் இன்னும் பிடிபடேல்ல எண்டால் முதல் வழி திறந்திருக்கு. பொலிஸ் முந்தினால் ரெண்டாவது. ஆகையால் கெதியா.

இன்னொண்டு, என்ர ஆதங்கம். எங்களிட்ட இருந்து வீட்டுக்கு விடுற பிள்ளையை வெளியில ஆர் பாரமெடுக்கிறது எண்டு எந்த அட்டையிலயும் எழுத இடமில்லை. அடுத்த கிளினிக் திகதி மட்டும் எழுதுவம். வராட்டி? கோப்பு ராக்கையில இருக்கும்.

---

பழைய கிளாக்கர் | செவ்வாய் காலை 6.05

மகள், அதுதான் நான் சொன்ன வரி. எல்லோருக்கும் பிரதி போகிறது, பெறுநர் இல்லை.

உங்களுக்கு ஒரு பழைய விடயம். மலேரியாக் காலத்தில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் அந்த வீட்டுக்கு யார் போகவேண்டும், எந்த நாள் திரும்பிப் போகவேண்டும் என்று ஓர் ஆளின் பெயர் அட்டையில் இருக்கும். இந்த நாட்டில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றிதழ் தந்தது. அதைச் செய்த நாடுதான் இது. கந்தளாயிலும் மொறவெவவிலும் காய்ச்சல் அட்டையோடு நடந்தவர்கள் எங்கள் கந்தோருக்கு வந்து தேநீர் குடித்தவர்கள். அவர்களை அடிக்கிறதுக்கு யாரும் இல்லை, பயப்பட வழக்கும் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் அட்டை அட்டைதானே.

---

கரைவலை | செவ்வாய் காலை 6.30

ஐயா, நுளம்பு காசு குடுக்கிறதில்லை. அதையும் எழுதுங்க.

---

கோட்டைவாசல் | புதன் இரவு 10.25

எல்லாருக்கும் நன்றி. இரவு வார்ட் சொன்ன மாதிரிச் செய்தம். அக்கா சொன்ன அந்தச் சொல்லை வாயே திறக்கேல்ல. "நித்திரைக்கு மருந்து எடுப்பம் வா" எண்டு தாய் கூப்பிட்டா. வரமாட்டன் எண்டு நிண்டான். கடைசியில கழகத்து கோல்கீப்பர் பொடியன் போய்ப் பக்கத்தில இருந்து ஒண்டும் கதைக்காமல் ஃபேனுக்குத் திருகாணி திருகிக் குடுத்திருக்கிறான், ரெண்டு மணித்தியாலம். பிறகு ரெண்டு பேருமா வந்தாங்க.

டொக்டர் வார்டில நிப்பாட்டி வைச்சிருக்கிறார். இண்டைக்குத்தான் நித்திரை. தாயும் வாங்கில நித்திரை. படிவமும் ஒண்டு தந்தாங்க, தமிழிலயும் இருந்திச்சு. பொறுப்பாளர் எண்ட இடத்தில தாயின்ர பெயர் போட்டு, அதுக்குக் கீழ கொஞ்ச வெறும் இடம் இருந்ததால என்ர பெயரையும் எழுதிவிட்டன். கிளாக்கர் ஐயா, அப்பிடி எழுதலாமோ தெரியாது, எழுதிட்டன்.

விட்டதுக்குப் பிறகு கிளினிக் கிழமைக்கொரு தரம், வியாழனில. தாய்க்கு விடிய வேலை, நான் வியாழனில கொழும்பு ரயில் பிடிக்க வேணும். அவன் இருக்கிறது பாலையூற்றுத் தாண்டி. ஆரிடமாவது ஓட்டோ இருக்கோ?

---

இரும்புக்கை | புதன் இரவு 10.31

என்னட்ட இருக்கு. கிளினிக் வியாழனில காலை 6.30, அனுராதபுரச் சந்தியில நிக்கிறன். இலக்கத்தைத் தனிச் செய்தியில அனுப்பு.